எமனுக்குப் பிடிக்காத பெயர்

எனக்குப் பெயர்களின் அர்த்தம் தெரியும். நம் வீட்டுப் பெயர்கள் மட்டுமல்ல. வீரசோழத்து முஸ்லிம் வீடுகளில் வைக்கிற பெயர்கள், அருப்புக்கோட்டையில் தெலுங்கு பேசுகிற நெசவுக்காரர் வீட்டுப் பெயர்கள், வேதக்கோயிலில் தண்ணீர் தெளித்து வைக்கிற பெயர்கள் எல்லாம் ஓரளவுக்குத் தெரியும். புத்தகம் படித்துத் தெரிந்துகொண்டதில்லை. ஒருத்தி மேல் இருந்த வன்மத்தில், வீடு வீடாகக் கேட்டுத் தெரிந்துகொண்டது.

அந்த ஒருத்தி என் நாத்தனார். அவள் பெயரை நான் எழுத மாட்டேன். அவள் பெயரை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்கள் பெயரைப் போட்டால், அவளுக்கு ஏதோ தனி மரியாதை கொடுத்த மாதிரி ஆகிவிடும். அதனால் யார் பெயரையும் போடவில்லை.

நான் பரளச்சிப் பக்கத்துக் கரிசல் கிராமம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டேன். இரண்டாம் உலக யுத்தம் தொடங்கிய சமயம். என் வீட்டுக்காரருக்கு அவள் மூத்த அக்கா, எனக்கு மதினி முறை. சின்ன வயதிலேயே தாலியறுத்துவிட்டுத் தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். கம்பு கொட்டி வைக்கிற குலுக்கையில் கை விடுவதும் அவள், மாட்டுக்குப் பருத்திக்கொட்டை அளந்து கொடுப்பதும் அவள். நான் அந்த வீட்டில் பருத்தி எடுக்கவும் பிள்ளை பெறவும் வந்தவள். அதில் முதல் வேலையை ஒழுங்காகச் செய்தேன் என்று அவளே சொல்வாள்.

எங்களில் பிள்ளைக்குப் பெயர் வைக்கிற உரிமை அத்தைக்கு. குலசாமி பெயரை அத்தைதான் மூன்று தரம் காதில் சொல்ல வேண்டும். நான் அதை மீறினேன். முதல் பிள்ளை பெண். நான் உண்டாகியிருந்தபோது திருச்சுழிக் கோயிலுக்குப் போயிருந்தோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த டவுன்காரி ஒருத்தி தன் குழந்தையை ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். முத்து என்று அர்த்தம் வரும் பெயர். அது எனக்குள் ஒட்டிக்கொண்டுவிட்டது. பிள்ளை பிறந்ததும் வீட்டுக்காரரை நச்சரித்து அந்தப் பெயரையே வைத்தேன். நாத்தனார் வந்து பார்த்தாள். தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டுக் கழுநீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு மாட்டுக்குப் போய்விட்டாள்.

பதினோரு மாதத்தில், ஒரு சித்திரையில், வயிற்றுப்போக்கு கண்டு அந்தப் பிள்ளை செத்தது. இரண்டாவது பையன். அவனுக்கும் நான்தான் பெயர் வைத்தேன், விளக்கு வெளிச்சத்தைக் குறிக்கிற பெயர். இருபத்திரண்டு நாள் இருந்தான். இருவரையும் எங்கள் பருத்திக்காட்டுக்கு அந்தப் பக்கம், ஓடைக்கரை உடைமரத்தடியில் வைத்தோம்.

பையன் போன மூன்றாம் நாள் துக்கம் கேட்க ஊர்ப் பெண்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் நடுவில் நாத்தனார் சொன்னாள்:

"இவ வச்ச பேருதான் ரெண்டையும் மண்ணுக்குள்ள கொண்டு போயிருச்சு. கருநாக்குக்காரி. கூப்புட்டுக் கூப்புட்டே கொன்னுட்டா."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. மழை வராது என்று சொல்வது போலச் சொன்னாள். யாரும் மறுக்கவில்லை. என் மார்பில் பால் கட்டிக்கொண்டு வலித்துக்கொண்டிருந்தது. அந்த நிமிடத்தில் அவள் கழுத்தை நெரிக்க எனக்குக் கை வரவில்லை என்பதுதான் இன்றைக்கும் எனக்குள்ள குறை.

அன்றிலிருந்து ஊரில் தொட்டில் கட்டுகிற வீட்டுக்கு என்னைக் கூப்பிட மாட்டார்கள். நானாகப் போனால் பிள்ளையைச் சேலைத் தலைப்புக்குள் மூடிக்கொள்வார்கள். பெயரைக் கேட்டால், "இன்னும் வைக்கலத்தா" என்பார்கள், பிள்ளை தவழ்ந்துகொண்டிருக்கும். ஒருநாள் பக்கத்து வீட்டு வெள்ளாட்டுக்குட்டியை நான் செல்லமாக ஏதோ சொல்லிக் கூப்பிட்டேன். அந்த வீட்டுக்காரி ஓடி வந்து குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கருநாக்கு என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் கூப்பிட்டேன், செத்தார்கள். உச்சி வெயிலில் தனியாகக் களை எடுக்கும்போது, அவள் சொன்னது உண்மையாக இருந்துவிட்டால் என்ற நினைப்பு வரும். அந்த நினைப்பை எனக்குள் விதைத்ததற்காகவும் சேர்த்துத்தான் அவளை வெறுத்தேன்.

பெயர் விசாரிக்கும் பழக்கம் அப்போதுதான் வந்தது. அடுத்தவர்களெல்லாம் எப்படிப் பெயர் வைக்கிறார்கள், யார் வைக்கிறார்கள், வைத்த பெயரால் பிள்ளை சாகுமா என்று கேட்டுக்கொண்டு திரிந்தேன். எவராவது ஒருவர் "சாகாது" என்று அடித்துச் சொன்னால், அதைக் கொண்டுவந்து நாத்தனார் முகத்தில் எறியலாம் என்று இருந்தேன்.

வீரசோழத்திலிருந்து வளையல் விற்க வருகிற அம்மாவிடம் கேட்டேன்.

"பொறந்ததும் காதுல பாங்கு சொல்லுவோம். ஏழாம் நாளு முடி எறக்கிப் பேரு வப்போம்" என்றார் அவர். "ஒலகம் முடியுற கியாமத்து நாளையில அந்தப் பேரச் சொல்லித்தான் நம்மள எழுப்புவாக. அதனால நல்ல அர்த்தமா வைக்கணும்மா."

"தங்காத வீட்டுல என்ன வப்பீக?"

"எங்க சனங்க பக்கீருன்னு வப்பாக. பிச்சைக்காரன்னு அர்த்தம். இவன்ட்ட எடுக்க என்ன இருக்குன்னு மவுத்து தாண்டிப் போயிரும்னு ஒரு நெனப்புதான்."

அருப்புக்கோட்டையில் நூல் தட்டுப்பாடு வந்து தறி நின்றதால், ஒரு நெசவுக் குடும்பம் பருத்தி எடுக்க எங்கள் தெருவுக்கு வந்து குடியிருந்தது. அந்த வீட்டுப் பெண் என்னோடு மட்டும் கூச்சமில்லாமல் பழகுவாள். அவள் பாஷையில் பெண்ட்ட என்றால் சாணிக்குப்பையாம். பிள்ளை தங்காத வீட்டில் பெண்ட்டய்யா, பெண்ட்டம்மா என்று வைப்பார்களாம். மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சரம்மாவின் அப்பாவுக்கு மூத்தவர்கள் நாலு பேர் தங்கவில்லை. அதனால் ஞானஸ்நானத்தில் அவருக்குப் பிச்சை என்றே வைத்தார்களாம். "கர்த்தர் போட்ட பிச்சை" என்று டீச்சரம்மா விளக்கம் சொன்னார்.

எங்களில் அது குப்பை. சாமி வேறு, பாஷை வேறு. சாவை ஏமாற்றச் சொல்கிற பொய் மட்டும் எல்லார் வீட்டிலும் ஒன்றுதான் என்று தெரிந்துகொண்டேன். நான் தேடிப் போன பதிலை ஒருவரும் சொல்லவில்லை. பெயருக்கும் சாவுக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்ல ஒரு சாதியிலும் ஆள் இல்லை.

மூன்றாவது பிள்ளை பெண்ணாகப் பிறந்தது. இந்தத் தடவை என்னிடம் யாரும் யோசனை கேட்கவில்லை. பதினாறாம் நாள் குப்பையில் போட்டு எடுப்பது என்று நாத்தனார் முடிவு செய்தாள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெற்றவள் பிள்ளையைச் சொளகில், அதாவது முறத்தில், வைத்துக் குப்பைமேட்டில் போட்டுவிட வேண்டும். அத்தைக்காரி யாரோ போல வந்து எடுப்பாள். "இது என்ன?" என்று மூன்று தரம் கேட்பாள். பெற்றவள் மூன்று தரமும் "குப்பை" என்று சொல்ல வேண்டும். பிறகு ஒரு படி தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொள்ள வேண்டும். குப்பைமேட்டில் மூன்று தரம் சொன்ன சொல்தான் பெயர். மறுபடி குப்பையில் போட்டு எடுத்தாலொழிய அதை மாற்றக்கூடாது.

முந்தின நாள் அவள் எனக்குப் பாடம் நடத்தினாள். "எமன் கேட்டாச் சீன்னு சொல்லித் திரும்பணும். அப்படி அருவருப்பா நெனச்சுக்கிட்டுச் சொல்லணும். வாய்க்குள்ள முணுமுணுக்காத."

அருவருப்பு என்றதும் எனக்கு வழி தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை. தொழுவத்துக்குப் பின்னால் குப்பைமேட்டைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள். துக்கத்துக்கு வந்து உட்கார்ந்திருந்த அதே பெண்கள்தான். நெசவுக்காரப் பெண்ணும் வந்திருந்தாள். நான் சொளகை வைத்துவிட்டு விலகினேன். நாத்தனார் வந்து பிள்ளையைத் தூக்கினாள்.

"இது என்ன?"

நான் அவள் பெயரைச் சொன்னேன்.

வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து ஒரு தரம்கூட என் வாயில் வராத பெயர். வீட்டுக்காரரின் மூத்த அக்காளைப் பெயர் சொல்வது அவளைக் கை நீட்டி அடிப்பதற்குச் சமம். கூட்டத்தில் யாரோ இருமினார்கள். நாத்தனாருக்குக் காதில் விழுந்தது தெரிந்தது. ஆனால் எடுத்த சடங்கை நடுவில் விட்டால் பிள்ளைக்கு ஆகாது. விட முடியாமல் இரண்டாம் தரம் கேட்டாள். நான் இன்னும் தெளிவாகச் சொன்னேன். மூன்றாம் தரம் கேட்டபோது அவள் உதடு வெளுத்திருந்தது. அவள் சொல்லிக்கொடுத்தபடியே, அருவருப்பாக, வாய்க்குள் முணுமுணுக்காமல் சொன்னேன்.

அவள் தவிட்டை வாங்கிக்கொண்டு பிள்ளையை என் கையில் கொடுத்தாள். "சரி, இருக்கட்டும்" என்றாள். அவ்வளவுதான். அன்று மத்தியானம் கம்மஞ்சோறு எனக்கு அமிர்தமாக இறங்கியது.

அடுத்த நாலு வருஷம் எனக்குக் கொண்டாட்டம். நாத்தனார் வீட்டுக்குள் வந்தால் என் மகளைக் கூப்பிடுவேன். "ஏ மூதேவி, எங்க போய்த் தொலஞ்ச?" என்பேன், கடைசியில் அந்தப் பெயரை இழுத்துச் சேர்ப்பேன். "திங்கத்தான் லாயக்கு" என்பேன், பெயரோடு. அவளால் ஒன்றும் கேட்க முடியாது. நான் என் மகளை அல்லவா வைகிறேன். வீட்டுக்காரர் ஒருநாள், "போதும்டி, அவுக பாவம்" என்றார். அவருக்கு அன்று குழம்பில் உப்புப் போடவில்லை. என் மகள்தான் எதற்கு வசவு என்று தெரியாமல் மலங்க மலங்க விழித்து அழுவாள். பிறகு மடியில் போட்டுக் கொஞ்சுவேன். கொஞ்சும்போது அந்தப் பெயரைச் சொல்ல மாட்டேன், தங்கம் என்பேன். நான் செய்தது அநியாயம் என்று அப்போது தெரிந்தே செய்தேன்.

யுத்தம் முடிந்த பிறகும் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் ரேஷன் இருந்தது. கார்டுக்குப் பெயர் எழுத டவுனிலிருந்து ஒரு குமாஸ்தா வந்தார். எங்கள் வீட்டு வாசலில் பெஞ்சு போட்டு எழுதினார். நாத்தனார் பெயரை எழுதினார். பிறகு என் மகள் பெயரைக் கேட்டதும் பேனாவை நிறுத்திவிட்டார்.

"ஒரே வீட்டில ஒரே பேரு ரெண்டா? மேல ஆபீஸ்ல பாத்தா கள்ளப் பேருன்னு ஒண்ண அடிச்சிருவாங்க. யாராவது ஒருத்தருக்கு வேற பேரு சொல்லுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் சொன்னாள்: "எம் பேர அடிச்சிட்டுக் குப்பைன்னு எழுதுங்க சாமி."

"குப்பையா?"

"ஆமா. அந்தப் பேரு இவ மகளுக்குப் போயிருச்சு. எனக்குக் குப்பையே போதும்."

எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. அவளே தன் வாயால் தன்னைக் குப்பை என்று சர்க்கார் காகிதத்தில் எழுத வைத்துவிட்டாள். மண்ணெண்ணெய் போடுகிற இடத்தில் "குப்பை" என்று கூப்பிட்டார்கள். அவள் தகரத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். வரிசையில் எனக்குப் பக்கத்தில் நின்ற நெசவுக்காரப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"ஒனக்கு வெளங்கலையாக்கா?" என்றாள். "அந்தக் குப்பைங்கற பேரு ஒம் மக உசுருக்குன்னு எடுத்து வச்சது. இப்ப அத ஒங்க மதினி எடுத்துப் போட்டுக்கிட்டாக. எமன் வந்தா அவுகளத் தாண்டிப் போயிருவான். ஒம் மகளுக்குப் போட்டுக்க என்ன இருக்கு?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாத்தனார் பெயர் எனக்குத்தான் அருவருப்பு. எமனுக்கு அது சாதாரணப் பெயர், ஐம்பது வருஷம் ஒருத்தி சுகமாகச் சுமந்து திரிந்த பெயர். என் ஆங்காரத்துக்காக மகளை வேலி இல்லாமல் விட்டிருக்கிறேன். அவள் அதைக் கண்டுகொண்டு, நாலு வருஷம் வாயை மூடிக் காத்திருந்து, கிடந்த வேலியைத் தூக்கித் தன்னைச் சுற்றிக் கட்டிக்கொண்டுவிட்டாள். தகரத்தோடு திரும்பி வந்தபோது என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் தெரிந்ததைப் பார்த்ததும் இது தற்செயலாக நடந்தது என்ற எண்ணமே எனக்குப் போய்விட்டது.

ஒரு மாதம் கழியவில்லை. மகளுக்குக் காய்ச்சல் வந்தது. வண்டி கட்டி அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் பாட்டில் நிறைய மருந்து கொடுத்து, பத்து நாளைக்கு விடாமல் கொடுக்கச் சொன்னார். ஏழு நாள் கொடுத்தும் உடம்பு அனலாகவே கொதித்தது. எட்டாம் நாள் பிள்ளை என்னை அடையாளம் தெரியாமல் பார்த்தது. நான் எழுந்து நாத்தனாரிடம் போனேன். அவள் உரலில் கம்பு இடித்துக்கொண்டிருந்தாள்.

"மதினி, அந்தப் பேரக் குடுத்திருங்க" என்றேன்.

"எந்தப் பேரு?"

"குப்பைங்கற பேரு."

"மூணு தரம் கேட்டேனே. அது வேண்டாம்னு நீதான வேற சொன்ன."

"தப்புத்தான். எம் மேல உள்ள கோவத்துல பிள்ளைய விட்டுறாதீக."

அவள் உலக்கையைச் சுவரில் சாத்தினாள். முந்தானையில் முகத்தைத் துடைத்தாள். அவசரப்படவில்லை.

"அன்னைக்கி நின்ன பொம்பளைகளக் கூப்புடுறேன். அவுகளுக்கு முன்னால சொல்லு. மொத ரெண்டையும் கொன்னது நீ வச்ச பேருதான், ஒன் நாக்குத்தான்னு சொல்லு. சொல்லிட்டு வாங்கிக்க."

அவள் காலைப் பிடிக்க வேண்டியிருக்கும் என்றுதான் போயிருந்தேன். காலைப் பிடிப்பது இதைவிடச் சுலபம். அவள் கேட்டது என் இரண்டு பிள்ளைகளின் சாவை. அதை என் தலையில் நானே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்றாள். மாட்டேன் என்று சொல்லத்தான் வாய் வந்தது. உள்ளே பிள்ளை முனகியது. சரி என்றேன்.

வெயில் ஏறுவதற்கு முன் அதே பெண்கள் அதே குப்பைமேட்டில் கூடினார்கள். நாலு வயதுப் பிள்ளையைச் சொளகில் எப்படி வைப்பது? சாக்கை விரித்து உட்கார வைத்தேன். அது தலையைத் தாங்க முடியாமல் சாய்ந்துகொண்டது. நான் நின்று சொன்னேன். "எம் மூத்த ரெண்டையும் கொன்னது நான் வச்ச பேருதான். என் நாக்குத்தான்." நாத்தனார், "கேக்கல" என்றாள். மறுபடி சொன்னேன். நெசவுக்காரப் பெண் அழுதுவிட்டாள். மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள். அவர்களுக்கு அது புதுச் சேதி இல்லை.

நாத்தனார் பிள்ளையைத் தூக்கினாள். "இது என்ன?" என்று மூன்று தரம் கேட்டாள். மூன்று தரமும் குப்பை என்றேன்.

"நான் குப்பையா அத்த?" என்று பிள்ளை அவள் தோளில் கிடந்தபடியே கேட்டது.

"ஆமாத்தா, நீ குப்பைதான்" என்று அவள் அதன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். நான் தவிட்டைக் கொடுத்து மகளை வாங்கினேன்.

பத்தாம் நாள் காய்ச்சல் விட்டது. மருந்தா, பெயரா என்று எனக்குத் தெரியாது. கம்பவுண்டர் பத்து நாள் என்றுதான் சொல்லியிருந்தார். ஊர் முழுக்க நாத்தனாரைக் கும்பிட்டது, பிள்ளையைக் காப்பாற்றினாள் என்று. நானும் எல்லார் முன்னாலும் கும்பிட வேண்டியிருந்தது.

பதினைந்து நாள் கழித்து நாங்கள் இருவரும் காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தோம். நிரை முடிகிற இடத்தில் அவள் நிமிர்ந்து, "அன்னைக்கிச் சொன்னியே, மனசாரத்தான சொன்ன?" என்று கேட்டாள்.

நான் மடியில் இருந்த பருத்தியைக் கீழே கொட்டினேன். வரப்பைத் தாண்டி ஓடைக்கரைக்கு நடந்தேன். பையன் போனதிலிருந்து நான் அந்தப் பெயர்களை மனதுக்குள்கூடச் சொல்லிப் பார்த்ததில்லை. அன்று உடைமரத்தடியில் நின்று என் மூத்த மகளையும் மகனையும் நான் வைத்த பெயர்களைச் சொல்லிக் கூப்பிட்டேன், காடு முழுக்கக் கேட்கிற மாதிரி. திரும்பிப் பார்த்தேன். அவள் பருத்தி எடுப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று இன்னொரு தரம் கூப்பிட்டேன்.